காப்புக் கட்டிய கோல்கீப்பர்

எங்கள் ஊர்க் கால்பந்துக் கழகம் மொத்தம் பத்து ஆட்டங்கள் ஆடியது. ஒன்றில் ஜெயித்தது, மூன்றைச் சமமாக முடித்தது, மற்ற ஆறிலும் தோற்றது. மாவட்ட லீக்கின் மூன்றாம் பிரிவு, அதற்குக் கீழே வேறு பிரிவு கிடையாது. அதிலும் ஒரே ஒரு பருவம்தான். பத்தாவது ஆட்டம் நடந்தபோது எனக்கு எட்டு வயது. அன்றைக்கு மைதானத்தில் நான் சொன்ன ஒரு பொய்யால் செத்துப்போய்விடுவேன் என்று அதற்குப் பிறகு ஏழு நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

கழகத்தை ஆரம்பித்தவர் என் சித்தப்பா. கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் எங்கள் ஊர். கரும்பு வெட்டுகிற மாதங்களில் கரும்பு, மற்ற மாதங்களில் செங்கல் சூளை, இரண்டும் இல்லாதபோது பட்டினி. சித்தப்பா ஆலை லாரிகளுக்குக் கரும்பு ஏற்றுகிறவர். ஆலையில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கும்போது விளையாட்டுக்காரர்களுக்கு இரண்டு இடம் உண்டு, லீக்கில் ஆடுகிற கழகத்தின் கேப்டன் என்று சான்றிதழ் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று எடைமேடையில் ஒருவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். அப்போது லீக்கில் ஆடுகிற கழகம் எதுவும் எங்கள் பக்கத்தில் இல்லை. கால்பந்தும் இல்லை. சித்தப்பா லாரியில் ஊர் திரும்புவதற்குள் கழகத்துக்கு விடிவெள்ளி என்று பெயர் வைத்துவிட்டார்.

ஆள் சேர்ப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. கரும்புக் கட்டைத் தலையில் வைத்துப் பலகையில் ஏறி லாரியில் போடுகிறவர்களுக்குக் கழுத்து உறுதியாக இருக்கும், பந்தைத் தலையால் முட்ட ஆள் இருந்தது. கல்வராயன் மலையிலிருந்து கரும்பு வெட்ட இறங்கி வந்திருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் வெறுங்காலோடு முயல் மாதிரி ஓடினார்கள். பூட்ஸ் நான்கு ஜோடிதான். யாருக்குச் சேருகிறதோ அவர்கள் போட்டுக்கொள்வார்கள், பாதி ஆட்டத்தில் கழற்றி அடுத்தவருக்குக் கொடுப்பார்கள்.

கோல்கீப்பர் என் அப்பா. அவருக்கு அந்த விளையாட்டின் சட்டங்கள் கடைசி வரைக்கும் முழுசாகப் பிடிபடவில்லை. ஆனால் கைக்குப் பிடிபட்டிருந்தது. செங்கல் லாரியில் ஒருவர் மேலே நின்று இரண்டிரண்டு கல்லாக வீசுவார், அப்பா கீழே நின்று வாங்கி அடுக்குவார். வருகிற கல்லை எதிர்த்துப் பிடித்தால் உள்ளங்கை உரிந்துபோகும். கல் வருகிற போக்கிலேயே கையைத் தழைத்து வாங்க வேண்டும். பந்தையும் அப்படித்தான் வாங்குவார், சத்தமே வராது. ஒருமுறை அப்பாவுக்கு வேலை இருந்ததால் பஞ்சர் கடைக்காரரை கோலில் நிறுத்தினார்கள். அன்றைக்கு ஒன்பது கோல் வாங்கினோம்.

ஒன்பது ஆட்டம் முடிந்தபோது நாங்கள் கடைசிக்கு ஒரு படி மேலே இருந்தோம். கடைசி இடத்தில் முடிக்கிற அணியை லீக்கை விட்டு எடுத்துவிடுவார்கள், எடுத்துவிட்ட அணிக்குச் சான்றிதழ் கிடையாது என்று லீக் செயலாளர் சொல்லியிருந்தார். பத்தாவது ஆட்டத்தில் தோற்காமல் இருந்தால் போதும். சித்தப்பா அந்த ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்த்து ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த மாதத்தில்தான் எனக்கு அம்மை போட்டது. பதினோரு நாள் வேப்பிலை மேல் கிடந்தேன். கண்ணைத் திறக்க முடியவில்லை. ஒரு நாள் அம்மா என் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. அப்பா அன்றைக்குக் கோயிலுக்குப் போய், பிள்ளை பிழைத்தால் அவளைத் தூக்கிக்கொண்டு தீமிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு வந்தார். நான் பிழைத்தேன். அந்த வருசத் திருவிழாவுக்கு வெள்ளிக்கிழமை காப்புக் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்தாவது ஆட்டம். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை தீமிதி.

காப்புக் கட்டினவருக்கு ஒழுங்குகள் நிறைய. மஞ்சள் துணிதான் கட்ட வேண்டும். இரண்டு வேளை குளியல், கவிச்சி கூடாது, சாவு வீட்டுக்குப் போகக் கூடாது, இருட்டுவதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். செருப்புப் போடக் கூடாது. தோலைத் தொடவே கூடாது. எங்கள் ஊரில் அந்தப் பத்து நாளும் தீமிதிக்கிறவர்கள் தோல் கட்டிய பறை வைத்திருக்கிற இடத்திலிருந்து ஒரு கை தூரம் தள்ளித்தான் நிற்பார்கள். கால்பந்து தோலால் செய்தது.

இதைச் சித்தப்பா எப்படி மறந்தார் என்று தெரியவில்லை. காப்புக் கட்டின மறுநாள் காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றபோதுதான் அவருக்கே உறைத்தது போல இருந்தது.

"வேற ஆள் இல்லண்ணா. பஞ்சர் கடைக்காரன நிறுத்துனா இன்னா ஆவும்னு உனக்கே தெரியும்" என்றார்.

அப்பா மணிக்கட்டில் கிடந்த மஞ்சள் கயிற்றைக் காட்டினார். அம்மா உள்ளேயிருந்து, பிள்ளை எழுந்து நடமாடி இன்னும் முழுசாகப் பத்து நாள் ஆகவில்லை, அதற்குள் பந்தாட்டமா என்று பாத்திரத்தோடு பேசுவது போலப் பேசினாள். சித்தப்பா வெகுநேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்துவிட்டு, இப்போதெல்லாம் ரெக்சினில் பந்து வருகிறது, எப்படியாவது ஒன்று தேடிக்கொண்டு வருகிறேன் என்றார்.

"ரெக்சினுன்னா நிக்கிறேன். தோலுன்னா திரும்பி வந்துடுவேன்" என்றார் அப்பா.

அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமையும் கரும்பு வெட்டுக்குப் போயிருந்தாள். அம்மை வந்து எழுந்த பிள்ளையைத் தனியாக விடக் கூடாது என்று அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினார். பஸ்ஸில் சித்தப்பா பந்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சிவப்பும் வெள்ளையுமாக நிஜமாகவே ரெக்சின் பந்துதான். எங்கே வாங்கினார், யாரிடம் கேட்டார் என்று தெரியாது. அப்பா அதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

நடுவர் சைக்கிளில் வந்தார். எங்கள் பந்தைக் கையில் வாங்கி ஒரு முறை தரையில் தட்டினார். அது அவர் தலைக்கு மேலே எழும்பிப் போய் எங்கேயோ விழுந்தது. இது குழந்தைகள் விளையாடுகிற பந்து, லீக் ஆட்டத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு, கேரியரில் கட்டியிருந்த வலைப்பையை அவிழ்த்தார். அதிலிருந்தது லீக்கின் பந்து.

சித்தப்பா அதை எடுத்துக்கொண்டு கோல் பக்கம் நடந்து வந்தார். நான் கம்பத்துக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்திருந்தேன்.

"இதுவும் ரெக்சினுதாண்ணா. கொஞ்சம் கனமான ரெக்சின்" என்றார்.

அப்பா கையை நீட்டவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, நீ பாத்து சொல்லு. இது இன்னா?"

என்னைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. கழகத்தின் பழைய பந்துக்கு ஆட்டம் முடிந்ததும் மண்ணைத் துடைத்து விளக்கெண்ணெய் பூசுவது நான்தான். அந்தப் பந்தின் ஒவ்வொரு தையலும் எனக்குத் தெரியும். சித்தப்பா பந்தை என் மடியில் வைத்தார். முகர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. உரசிப்போன இடத்தில் பொடிப்பொடியாக மயிர் மாதிரி எழும்பியிருந்தது. ரெக்சின் கிழியும், இப்படி எழும்பாது.

நிமிர்ந்து பார்த்தேன். அப்பாவின் தோளுக்குப் பின்னால் சித்தப்பா நின்றார். கண் காட்டவில்லை, தலை ஆட்டவில்லை. வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டேயிருந்தார், துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. எனக்கு அம்மை போட்டிருந்தபோது தினமும் வேப்பங்கொழுந்து பறித்துக்கொண்டு வந்தவர் அவர்தான்.

"ரெக்சின்" என்றேன்.

"சரி" என்று அப்பா பந்தை என்னிடமிருந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் நடந்த ஆட்டத்தை நான் மற்றவர்கள் பார்த்த மாதிரி பார்க்கவில்லை. எதிரே ஆடியது டவுன் லாரி ஷெட் பையன்களின் அணி. வாட்டசாட்டமான ஆட்கள், எல்லாருக்கும் பூட்ஸ் இருந்தது. எங்களுக்கு அரை டிராயருக்கு மேலே மஞ்சள் துண்டு சுற்றி, வெறுங்காலோடு கோலில் நின்ற அப்பா இருந்தார். எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்ற கூட்டத்துக்கு அவரைப் பார்த்ததும் கொண்டாட்டமாகிவிட்டது.

"யோவ் சாமி, பந்து புடிப்பியா, வேப்பிலை அடிப்பியா?" என்று ஒருவன் கேட்டான். மெதுவா அடிங்கடா, சாமி குத்தம் ஆயிடப் போவுது என்று இன்னொருவன் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவன் விளையாட்டாகச் சொன்னதை நான் சட்டமாக எடுத்துக்கொண்டேன்.

அப்பா ஒவ்வொரு முறை பந்தைப் பிடித்தபோதும் என் கழுத்திலும் முதுகிலும் இருந்த அம்மைத் தழும்புகள் அரித்தன. வெயிலில் வேர்த்ததால் அரித்திருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதோ தொட்டுவிட்டார், இதோ மறுபடியும் தொட்டுவிட்டார், ஒவ்வொரு தொடுதலும் ஒரு கொப்புளம் என்று உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் பந்து எங்கள் கோலுக்குள் போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். பந்து அப்பா பக்கம் வரவே கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். அதற்காகக் கோலே போனாலும் பரவாயில்லை என்று ஒரு நிமிடம் நினைத்தேன். உடனே சித்தப்பாவின் முகம் ஞாபகம் வந்தது, அந்த நினைப்பையும் விழுங்கிக்கொண்டேன்.

பாதி ஆட்டத்தில் அப்பா தண்ணீர் குடிக்க வந்தார். அவர் மணிக்கட்டில் இருந்த காப்பின் மஞ்சளில் பந்தின் மண் ஒட்டியிருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்பா என் வாயைப் பார்த்துவிட்டு, தாகமா பாப்பா, நீயும் குடி என்று சொம்பை என் கையில் கொடுத்தார். குடித்தேன்.

இரண்டாவது பாதி முழுக்கப் பந்து எங்கள் பக்கத்திலேயே கிடந்தது. மலைக்காரத் தம்பி கால் பிசகி உட்கார்ந்துவிட்டான். சித்தப்பா கோலுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் ஓடினார், அதில் பாதி ஓட்டம் பயனில்லாதது. அப்பா மட்டும் அவசரப்படவில்லை. சூளையில் நிற்கிற மாதிரி காலை அகட்டி நின்று, வந்ததையெல்லாம் வாங்கிக் கீழே வைத்தார். முடிகிற சமயத்தில் ஒருவன் பக்கத்திலிருந்து ஓங்கி அடித்தான். அப்பா பந்தை நெஞ்சோடு சேர்த்து வாங்கி, அப்படியே மண்டியிட்டுக் குனிந்துவிட்டார். நடுவர் விசில் ஊதிய பிறகும் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கோல் எதுவும் விழவில்லை. நாங்கள் கடைசி இடத்துக்குப் போகவில்லை. சித்தப்பா மைதானத்தின் நடுவில் உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். கேலி செய்தவனே வந்து அப்பாவின் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லாருக்கும் போண்டா கொடுத்தார்கள். நான் முன் சீட்டில் மலைக்கார அண்ணன் தம்பிக்கு நடுவில் இருந்தேன். அப்பாவும் சித்தப்பாவும் கடைசி சீட்டில். ஊருக்குள் போவதற்கு முன்னால் அப்பா என்னைக் கோமுகி வாய்க்காலுக்குக் கூட்டிக்கொண்டு போய், அவரும் முங்கி, என்னையும் கட்டின துணியோடு மூன்று முறை முக்கி எடுத்தார். காப்புக் கட்டினவர்கள் சாயங்காலம் குளிப்பது வழக்கம் என்பதால் நான் வித்தியாசமாக எதுவும் நினைக்கவில்லை.

அந்த ஏழு நாளை இப்போது நினைத்தாலும் எனக்கு வாய் கசக்கிறது. காலையில் எழுந்ததும் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்ப்பேன், கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். கூழ் இறங்கவில்லை. வெயில் சூடு என்று அம்மா தலையில் எண்ணெய் வைத்தாள். கோயிலுக்குப் பக்கத்தில் தீக்குழி வெட்ட ஆரம்பித்திருந்தார்கள். புளியங்கட்டை வண்டி வண்டியாக வந்து இறங்கியது. பூசாரி குழி ஓரத்தில் நின்று, ஒழுங்காக விரதம் இருந்தவனுக்கு இது பூ, தப்பு செய்தவனை நெருப்பே காட்டிக் கொடுத்துவிடும் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு அந்தக் குழியில் இறங்க வேண்டும். தப்பு என்னுடையது, கால் அவருடையது. விழுந்தால் இரண்டு பேரும் விழுவோம். இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. அம்மாவிடம் சொன்னால் அவள் ஊரைக் கூட்டுவாள், சித்தப்பாவுக்குக் கிடைக்கப்போகிற வேலை போய்விடும். அப்பாவிடம் சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஆறாம் நாள் என் பிடரியில் ஒரு சின்னக் கொப்புளம் தெரிந்தது. இரவெல்லாம் அதன் மேல் விரலை வைத்துக்கொண்டே கிடந்தேன்.

தீமிதியன்று மத்தியானம், கரகத்தோடு கிளம்புவதற்கு முன்னால் அப்பா குளிக்க வாய்க்காலுக்குப் போனார். பின்னாலேயே ஓடினேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தவரிடம் கரையிலிருந்தே சொன்னேன்.

"அப்பா, அது தோலுப் பந்து. எனக்குத் தெரியும். நான் பொய் சொன்னேன்."

அப்பா திட்டவில்லை. கிட்டே கூப்பிட்டார். ஏன் பிடரியிலிருந்து கையை எடுக்க மாட்டேன் என்கிறாய் என்று கேட்டு, தலையைக் குனியவைத்துக் கொப்புளத்தைப் பார்த்தார். ஈர விரலால் லேசாகத் தேய்த்தார்.

"வேர்க்குரு" என்றார். "யார்கிட்டயும் சொல்லாத" என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலம் எனக்கு மஞ்சள் பாவாடை கட்டி, தலையில் வேப்பிலை செருகித் தயார் செய்திருந்தார்கள். மேளம் நெஞ்சில் அடிக்கிற மாதிரி அடித்தது. குழி ஓரத்தில் நிற்கும்போதே முகத்தில் சூடு அறைந்தது. வரிசையில் எங்கள் முறை வந்தபோது அப்பா என்னைத் தோளிலிருந்து இறக்கி அம்மாவிடம் கொடுத்தார். பூசாரி என்னவென்று கேட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறது, இந்த வருசம் நான் மட்டும் இறங்குகிறேன், அடுத்த வருசம் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறேன் என்று அப்பா சொன்னார். எனக்குக் காய்ச்சல் இல்லை. அம்மா என் கழுத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள். அதற்குள் அவர் இறங்கிவிட்டார்.

பொய் சொன்ன பிள்ளையைச் சாமி முன்னால் தூக்க அப்பாவுக்கு மனசு வரவில்லை என்று புரிந்துகொண்டேன். எட்டு வயசுக்கு அது ரொம்பத் தெளிவாகப் புரிந்தது.

அடுத்த மூன்று நாள் அப்பா வயிற்று வலி என்று படுத்துக்கொண்டார். பாதம் இரண்டும் வெந்துபோயிருந்தன. ஊருக்குத் தெரியக் கூடாது என்று அம்மா கதவைச் சாத்திக்கொண்டு சோற்றுக்கற்றாழை பூசினாள். நீ இன்னா தப்பு பண்ண, எனக்காவது சொல்லு என்று அம்மா கேட்டது எனக்குக் கேட்டது. ஒன்னும் பண்ணலடி என்றார் அப்பா. நான்காம் நாள் செங்கல் லாரிக்குப் போனார். அடுத்த வருசம் நாங்கள் எல்லாரும் பெங்களூர்ப் பக்கம் ஒரு சூளையில் இருந்தோம், திருவிழாவுக்கு வரவில்லை.

சித்தப்பாவுக்கு ஆலையில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. கழகம் அதோடு முடிந்தது. ஷிப்டு முறையில் வேலை பார்க்கிறவரால் ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய் ஆள் எழுப்ப முடியாது. எழுப்ப ஆளும் இல்லை. மலைக்காரர்கள் வேறு மேஸ்திரியோடு போய்விட்டார்கள். தோற்று வெளியேற்றப்படாமல் தப்பித்த கழகம், கேப்டனுக்கு வேலை கிடைத்ததால் செத்துப்போனது. பூட்ஸுகளை யார் கொண்டுபோனார்கள் என்று தெரியாது.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். சூளை, கரும்பு, மேம்பால வேலை, மீன் கம்பெனி என்று எங்கெங்கோ போனேன், எங்கேயும் இரண்டு வருசத்துக்கு மேல் தங்கவில்லை. அப்பா இறந்தபோது மாண்டியா பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தேன். தகவல் வந்து, நான் பஸ் பிடித்து வருவதற்குள் எடுத்துவிட்டார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு இருந்தேன். சித்தப்பா அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார், முடி முழுக்க நரைத்திருந்தது. பந்தலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்தப் பந்து தோல் என்று அன்றைக்கே உனக்குத் தெரியும்தானே என்று கேட்டார். தெரியும் என்றேன். அப்பாவிடம் தீமிதியன்று சொல்லிவிட்டதையும், அதனால்தான் அவர் என்னைத் தூக்கவில்லை என்பதையும் சொன்னேன்.

சித்தப்பா என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"நீ சொல்லித்தான் அவருக்குத் தெரியணுமா? பருவம் முச்சூடும் பந்து புடிச்ச கை. வாங்குனதுமே தெரிஞ்சி போச்சி. வரும்போது பஸ்ஸுலயே எங்கிட்ட சொல்லிட்டாரு. தொட்டது என் கை, எது வந்தாலும் எனக்கே வரட்டும், பாப்பாவ தூக்கிக்கினு எறங்க மாட்டேன்னு."

நான் வாய்க்கால் கரையில் நின்று சொன்னது அதற்கு ஏழு நாள் கழித்து.

அன்றைக்குத் தீமிதித்தவர்கள் எல்லாரும் ஓடித்தான் கடந்தார்களாம், அப்பா ஒருவர்தான் நடந்து போனாராம். ஊரில் பார்த்தவர்கள் இன்னும் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது. என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டாரே என்கிற கோபத்தில் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டவள், மேளம் நிற்கிற வரைக்கும் அவர் பக்கம் திரும்பவே இல்லை.